ராணுவத் துணி: பிஎல்ஐயா, ‘கிரேட்’ மானியமா?

தீ தாங்கும் உடை, குண்டு துளைக்காத ஜாக்கெட் என்று இறங்க நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. இப்படிக் குறிப்பிட்ட வேலைக்காகச் செய்யும் துணிக்குப் பெயர் தொழில்நுட்ப ஜவுளி. பிஎல்ஐ என்பது விற்பனையைப் பொறுத்து மத்திய அரசு தரும் உற்பத்தி ஊக்கத்தொகை; ‘கிரேட்’ புது யோசனைகளுக்கு அது தரும் மானியம்.

முதலீடு: பிஎல்ஐயை 2021இல் அறிவித்தபோது குறைந்தபட்சமே 100 கோடி ரூபாய். தேசிய தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தின் ‘கிரேட்’ திட்டத்தில் ஸ்டார்ட்அப்புக்கு 50 லட்சம் வரை மானியம்.

பணம் வரும் நேரம்: பிஎல்ஐயில் விற்றுக் காட்டிய பிறகுதான். அதுவரை வங்கி வட்டி நம் தலையில். ‘கிரேட்’ பணமோ, முதல் மாதிரியைச் செய்து பார்க்கும்போதே கைகொடுக்கும்.

துணி: பிஎல்ஐ செயற்கை இழைக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்கும்தான். 2022இல் வந்த ராணுவப் போர்ச் சீருடையிலோ பருத்தி 70, பாலியஸ்டர் 30. சீருடைத் துணி மட்டும் நெய்பவர் பிஎல்ஐயை நம்பி இறங்க வேண்டாம்.

பெரிய மில்லுக்கு பிஎல்ஐ சரி. புதுப் பூச்சு, புது நெசவு என்று யோசனை வைத்திருக்கும் சின்ன யூனிட்டுக்கு ‘கிரேட்’. ராணுவ டெண்டரை இரண்டும் வாங்கித் தராது, அது தனிக் கதை.