எம்எக்ஸ்-5, செப்பாங், அப்புறம் இந்த பிரேக் சத்தம்

ஈப்போவில் இருக்கும் நண்பனுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 (இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வந்திருக்கிறதாம். "வாங்கலாமா? பந்தய டிராக்குக்கு எடுத்துப் போவதென்றால் முதலில் எதை மாற்றணும்?" என்று கேட்டிருந்தான். கேட்ட நேரம்தான் சரியில்லை. முன்பக்க கேலிப்பர் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) இரண்டையும் பிரித்து, சூட்டில் கருகி உதிர்ந்த ரப்பர் உறைகளை மாற்றிக் கொண்டுவந்த வாரம் அது. அதனால் கீழே இருப்பதில் கோபத்துக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.

என்னுடையதும் எம்எக்ஸ்-5தான்: 2 லிட்டர், 184 குதிரைத்திறன், மேனுவல் கியர், மடங்கும் கூரை வைத்த ஆர்எஃப் வகை. மற்ற விவரமெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம்ம செப்பாங் பந்தய டிராக்கில் இதைவிட வேகமான கார்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருக்கும். நேர்ப்பாதையில் கண்ணாடியைப் பார்ப்பதும் வழிவிடுவதும்தான் வேலை. ஆனால் 5 முதல் 8 வரையிலான வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் இது திரும்புகிற அழகு இருக்கிறதே, அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கார் சாய்கிறது, நன்றாகவே சாய்கிறது. சாய்வது கைக்கும் இடுப்புக்கும் தெரிவதால்தான் டயர் எங்கே பிடியை விடப் போகிறது என்பதும் முன்கூட்டியே தெரிகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுழற்சி வரை சலிக்காமல் ஏறுகிறது.

எதிர்பாராத லாபம் டயர். எடை குறைவு என்பதால் டயரைக் கடித்துக் குதறுவதில்லை. கனமான டர்போ கார் வைத்திருப்பவர்கள் டிராக் முடிந்ததும் ஓரம் தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது, நான் காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு அதே டயரில் கிள்ளானுக்குத் திரும்புகிறேன். மாற்றங்கள் என்று பார்த்தால் அதிகமில்லை. காரோடு வந்த போல்ட்டிலேயே கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கி அலைன்மெண்ட், நல்ல பிடியுள்ள டயர். எக்ஸாஸ்டில் கை வைக்கவில்லை. சாலைத் தடுப்பில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஆட்களிடம் நின்று விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கில்லை.

இப்போது பிரேக்குக்கு வருவோம்.

செப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பின்பக்க நேர்ப்பாதை முடியும் இடத்தில் 15-வது வளைவு, கொண்டை ஊசி மாதிரி. அதைத் தாண்டினால் முன்பக்க நேர்ப்பாதை, அது முடிந்ததும் முதல் வளைவு. இரண்டு இடத்திலும் பிரேக்கைக் கடைசி வரை மிதிக்க வேண்டும், நடுவில் ஆறுவதற்குக் கிடைப்பது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான பாதைதான். ஆளோடு சேர்த்து 1,180 கிலோ என்று வையுங்கள். 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறக்க, ஒரே மிதியில் பிரேக் வாங்கிக்கொள்ளும் சூடு நாலு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி. தெருவில் ஓட்டுவதற்காகச் செய்த பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை உரசி நிறுத்தும் கட்டை) எந்தக் காரில் இருந்தாலும் இதைத் தாங்காது, அதில் மாஸ்டாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரேக் மிதி கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் சூடேறிவிட்டது என்று அர்த்தம். மிதி தரைவரை இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது. இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்கும். டாட் 4 என்ற தர வகை பிரேக் எண்ணெய்க்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்கு விதி கேட்பதே 155 டிகிரிதான். இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றோ வருடம் முழுக்க ஈரம். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய எண்ணெய் கிடைக்கிறது, விலை ஜாஸ்தி, அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். சரி, இதுவரை எனக்குப் புகார் இல்லை. டிராக் என்றால் செலவுதான்.

புகார் சத்தத்தைப் பற்றி. டிராக் பேட் சூடானால்தான் கடிக்கும். ஆறிய நிலையில் அரைமனதாகப் பிடிக்கும், பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று அலறும். பேடின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்தாயிற்று, பின்னால் கிரீஸ் தடவியாயிற்று, தகடு வைத்தாயிற்று. இரண்டு நாள் அமைதி, மறுபடி அலறல். பேரங்காடியின் மாடி வாகன நிறுத்தத்தில் சரிவில் இறங்கும்போது அந்தச் சத்தம் நாலு மாடிக்கும் கேட்கும், காவலுக்கு நிற்பவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்ப்பார். அம்மா ஒருநாள் கோயிலுக்கு ஏறி வந்தவர் கேட்டார்: "இவ்ளோ காசு போட்டு வாங்கினியே தம்பி, இப்படியா கத்தும்?" பதில் சொல்ல முடியவில்லை.

சத்தம் போதாதென்று தூள் வேறு. அதில் இரும்பு இருக்கிறது. சூடாகப் போய் ரிம்மில் ஒட்டிக்கொள்கிறது, மழை பட்டால் மறுநாளே வெள்ளி நிற ரிம்மில் ஆரஞ்சுப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் போகாது.

இதற்கு ஒரே வழி டிராக்குக்கு ஒரு ஜோடி, தெருவுக்கு ஒரு ஜோடி என்று வைத்து மாற்றுவது. முந்தின இரவு ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, கீழ் போல்ட்டை எடுத்து கேலிப்பரை மேலே தூக்கி, பிஸ்டனை உள்ளே தள்ளிப் பேட் மாற்றுவேன். திரும்பி வந்ததும் அதே வேலை தலைகீழாக. பின்பக்க கேலிப்பரில் கை பிரேக்கும் சேர்ந்திருப்பதால் அதைத் தொடுவதில்லை. ஒரே டிஸ்கில் இரண்டு விதப் பேடும் மாறி மாறி உரசினால் டிஸ்க் மேல் படியும் படலம் திட்டுத்திட்டாகிறது. அப்போது ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது, படலம்தான். மறுபடி பேடை முறையாகப் பதப்படுத்தினால் சில சமயம் சரியாகும், சில சமயம் டிஸ்கையே மாற்ற வேண்டும்.

மாலையில் மழை வந்துவிட்டால் பிரேக்குக்கு விடுமுறை. செப்பாங் மழை தெரிந்ததுதானே, 2009-இல் ஃபார்முலா 1 பந்தயமே பாதியில் நின்று பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிட்டில் (டிராக் ஓரமாகக் கார்களை நிறுத்தும் இடம்) உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். ஈரத்தில் டயர் பிடி குறைவு, பிரேக்கை அவ்வளவு அழுத்தவே முடியாது. அந்த ஈரத்தில் பின்பக்கம் லேசாக நழுவ, அதைப் பிடித்து நிறுத்தும் சுகம் வேறு.

கேலிப்பர் பிரித்த பட்டறையில், "பாஸ், பெரிய பிரேக் கிட் போட்டுருங்க, பிரச்சினையே இருக்காது" என்றார்கள். சூட்டுப் பிரச்சினை குறையும், உண்மை. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிரேக் விகிதம் மாறும், சக்கரத்தில் எடை கூடும், இப்போதுள்ள 17 அங்குல ரிம்முக்குள் உட்காருமா என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கும் டிராக் பேட்தானே போட வேண்டும்? அதுவும் கத்தும், இன்னும் பெரிதாக.

நண்பனுக்கு: முதலில் எண்ணெய், பிறகு பேட், பிறகு அலைன்மெண்ட், வேறெதுவும் வேண்டாம். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடு. பிட்டுக்குள் வந்ததும் கை பிரேக் இழுக்காதே, கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வை.

காரை வாங்கலாமா என்று கேட்டாயே, வாங்காதே. வார நாளில் வேலைக்கும் இதே காரில்தான் போவாய் என்றால் கண்டிப்பாக வாங்காதே. போய்ப் பார்ப்பதென்றால் பார், அந்த ஆளிடம் முன் டிஸ்க் எப்போது மாற்றினார் என்று மட்டும் கேட்டு வை. புதிது என்றால் கழற்றிக் கொடுப்பாரா என்றும் கேள், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.