கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ்: காசு கூடுதல்தான், ஆனா கல்யாணம் முடிஞ்ச கையோட போறவங்க இதுலயே போங்க

கல்யாணம் முடிஞ்சு பதினோராவது நாள் நாங்க கிளம்பினோம். மூணு வாரம், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, லங்காவின்னு அவசரப்படாம சுத்துற பிளான். எனக்கு மார்த்தாண்டம் பக்கம், இவருக்கு நாகர்கோவில், ரெண்டு பேருக்கும் வெளிநாடு இதுதான் முதல் தடவை. ஹனிமூன் போனா எல்லாரும் ஹோட்டலுக்கு ரிவ்யூ போடுவாங்க, நான் கோலாலம்பூர் ஏர்போர்ட்ல (அதுதான் கேஎல்ஐஏ) இருந்து டவுனுக்கு வந்த இந்த எக்ஸ்பிரஸ் ட்ரெயினுக்குப் போடுறேன், ஏன்னா அந்த முதல் நாள்ல எங்களைக் காப்பாத்துனது அதுதான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஏர்போர்ட்டுன்னா திருவனந்தபுரம்தான். நடுராத்திரி ஃப்ளைட், நாலு மணி நேரம், ஆனா மலேசியாவுல நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுது, அதனால கண்ணை மூடுறதுக்குள்ள விடிஞ்சிட்டு. இந்தியாக்காரங்களுக்கு 2023 டிசம்பர் 1ல இருந்து விசா வேண்டாம், 30 நாள் வரைக்கும் இருக்கலாம், ஆனா போறதுக்கு முன்னால மூணு நாளைக்குள்ள எம்டிஏசின்னு ஒரு டிஜிட்டல் கார்டு ஆன்லைன்ல ஃபில் பண்ணியே ஆகணும். அது ஃப்ரீ, நல்லா கேட்டுக்கோங்க, சுத்தமா ஃப்ரீ. எங்ககிட்ட நம்ம ஊர் ஏஜென்ட் ஒருத்தர் அதுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபா வாங்கிட்டாரு, அது ஃப்ரீன்னு அங்க போய்தான் எங்களுக்குத் தெரியும், இன்னும் எனக்கு ஆறல.

நாங்க இறங்குனது டெர்மினல் 2. இமிக்ரேஷன் முடிஞ்சு பெட்டியை எடுத்துட்டு வெளிய வந்தா நேரா ஒரு பெரிய மாலுக்குள்ளதான் நடக்கணும், ட்ரெயின் ஸ்டேஷன் அதுக்குள்ளதான் இருக்கு, போர்டைப் பார்த்துப் போனா வழி தப்பாது. அந்த மாலோட நடுவுல வச்சு எங்க பெரிய பெட்டியோட ஒரு வீல் கழண்டு உருண்டு போயிட்டு. கல்யாணத்துக்குன்னு நாகர்கோவில்ல ஒரு கடையில வாங்குன புதுப் பெட்டி, முதல் பயணம். இவரு கைக்குட்டையை வச்சு அதைக் கட்டிப் பார்த்தாரு, நிக்கல. அதுக்குள்ள மாமி ஒரு கிலோ முந்திரிக்கொத்தும் ஏத்தங்கா சிப்ஸும் வேற வச்சு விட்டிருந்தாங்க, கனம்னா கனம்.

சரி டிக்கெட் எடுப்போம்னு போனா இவரு கார்டு வேலை செய்யல. ரெண்டு தடவை, மூணு தடவை, பின்னால ஆளுங்க நிக்காங்க, இவருக்கு மூஞ்செல்லாம் சிவந்துட்டு. விஷயம் என்னன்னா 2020ல ரிசர்வ் பேங்க் ஒரு ரூல் போட்டுது, அதுக்கு அப்புறம் வர்ற புது கார்டு எல்லாம் முதல்ல இந்தியாவுக்குள்ள மட்டும்தான் ஓடும், வெளிநாட்டுல வேணும்னா நாமதான் பேங்க் ஆப்ல இன்டர்நேஷனலை ஆன் பண்ணணும். அதை ஊர்ல வச்சே பண்ணிருக்கணும். இவரு போன்ல ரோமிங் போடல, ஓடிபி வரல. நான் "கிளம்பும்போதே சொன்னேன்லா"ன்னேன், இவரு "எப்ப சொன்ன?"ன்னாரு, அப்படியே ஏறிட்டு. கல்யாணத்துக்கு அப்புறம் எங்க முதல் சண்டை அந்த டிக்கெட் மெஷின் முன்னாலதான். கடைசியில ஏர்போர்ட் வைஃபைல என் பேங்க் ஆப்பைத் திறந்து என் கார்டை ஆன் பண்ணி எடுத்தோம். டிக்கெட் ஆளுக்கு 55 ரிங்கிட், ரெண்டு பேருக்கு 110, நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வரும். கார்டு சரியா இருந்தா டிக்கெட்டே எடுக்க வேண்டாம், கேட்லயே தட்டிட்டு உள்ள போகலாம்.

பதினஞ்சு நிமிஷம் பிளாட்பாரத்துல ரெண்டு பேரும் பேசாம நின்னோம்.

ட்ரெயின் வந்துது. பிளாட்பாரமும் ட்ரெயின் தரையும் ஒரே மட்டம், மூணு வீல் பெட்டியைக்கூட தூக்காம இழுத்தே ஏத்திட்டோம், உள்ள பெட்டி வைக்க தனியா ரேக் இருக்கு. உக்காந்ததும் அந்த ஏசிக்கும் அமைதிக்கும் எனக்கு அழுகை வந்துட்டு. உள்ளத சொல்லுதேன், கல்யாணத்துக்கு அப்புறம் விருந்து விருந்துன்னு ஒரு நாளைக்கு ரெண்டு வீடு, தக்கலை, கருங்கல், குலசேகரம்னு அலைஞ்சோம், எல்லாரும் பாசத்துலதான் கூப்பிட்டாங்க, ஆனா அந்தப் பத்து நாள்ல நாங்க ரெண்டு பேரு மட்டும் உக்காந்து பேசுன நேரத்தை எல்லாம் கூட்டுனாலும் ஒரு மணி நேரம் தேறாது. இந்த ட்ரெயின்லதான் முதல் தடவையா பக்கத்துல யாரும் இல்ல, யாரும் போட்டோ எடுக்கல, யாரும் "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ மக்ளே"ன்னு இலையில போடல. கொஞ்ச நேரம் கழிச்சு இவரு வெளிய பார்த்துக்கிட்டே சொன்னாரு, "ஃப்ளைட் இறங்கும்போது எனக்கு நல்ல பயம், உன்கிட்ட சொல்ல நாணமா இருந்துது. அதுதான் அங்க கத்திட்டேன்." நான் ஒண்ணும் சொல்லல, கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஜன்னலுக்கு வெளிய மைல் கணக்குல பனை மாதிரி மரம், குட்டையா, அடர்த்தியா. அதுதான் நம்ம ரேஷன் கடை பாமாயில் எடுக்குற மரம், அங்க உள்ள தமிழ் ஆளுங்க செம்பனைன்னு சொல்றாங்க. எங்க தாத்தா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு, அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு அவரு ஞாபகம்தான் வந்துது. அப்புறம் மதியம் டவுன்ல பிரிக்ஃபீல்ட்ஸ்னு ஒரு ஏரியாவுல, ஒரு கடையில சாப்பாடு போட்ட அக்காகிட்ட இதைச் சொன்னேன், அவங்க கரண்டியை கீழ வச்சிட்டு "எங்க பாட்டியும் பால்மரம் வெட்டுனவங்கதான்மா"ன்னாங்க.

டெர்மினல் 1ல இருந்து டவுன்ல உள்ள பெரிய ஸ்டேஷன் கேஎல் சென்ட்ரலுக்கு 57 கிலோமீட்டர், 28 நிமிஷத்துல போகுது, எங்களை மாதிரி டெர்மினல் 2ல ஏறுனா 33 நிமிஷம். திருவனந்தபுரத்துல இருந்து நாகர்கோவிலும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான், களியக்காவிளையிலயும் மார்த்தாண்டத்துலயும் மாட்டி ரெண்டு மணி நேரம் காருக்குள்ள இருந்து பழகுனவங்களுக்கு இந்த வேகம் நம்பவே முடியாது. அதே தண்டவாளத்துல ட்ரான்சிட்னு இன்னொரு ட்ரெயினும் ஓடுது, அது வழியில மூணு ஸ்டேஷன்ல கூடுதலா நிக்கும், கேஎல் சென்ட்ரலுக்கு காசு ஒண்ணுதான், அதனால எக்ஸ்பிரஸ் பிளாட்பாரம் எதுன்னு பார்த்து நில்லுங்க.

குறை சொல்லணும்னா விலைதான். பஸ்ல போனா இதுல கால்வாசி காசுதான் ஆகும், ஆனா ஒரு மணி நேரம் பிடிக்கும், டிராஃபிக் இருந்தா இன்னும் கூட. நாலு பேரா போனா கிராப்னு டாக்சி ஆப்ல கார் எடுக்குறதுதான் லாபம். ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு இறங்குறவங்களுக்கும் இது உதவாது, அந்த நேரம் ஓடாது. நாங்களே திரும்பி வரும்போது பஸ்லதான் ஏர்போர்ட் போனோம், அப்ப சண்டை போட ஒண்ணும் இல்ல, ஊரும் பழகிட்டு. ஆனா தூக்கம் இல்லாம, பெட்டி உடைஞ்சு, கட்டுன ஆள்கிட்ட முகம் கொடுக்காம நிக்கும்போது ரெண்டாயிரம் ரூபா எனக்கு பெருசாவே தெரியல.

கேஎல் சென்ட்ரல்ல இறங்கினா பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்குற தூரம்தான், லிட்டில் இந்தியா, தமிழ் போர்டு, மல்லிப்பூ எல்லாம் அங்கயே. மலாய் போர்டுல "கெடாய்"னு இருக்கும், நம்ம கடைதான் அது, தமிழ்ல இருந்து போன வார்த்தை. ரூம் மதியம் ரெண்டு மணிக்குத்தான்னு சொல்லிட்டாங்க, பெட்டியை மட்டும் வாங்கி வச்சாங்க, அதனால வாழை இலைச் சாப்பாடு, ஒரு தே (டீதான்), அப்புறம் ரூம் கிடைச்சதும் சாயந்திரம் வரை தூக்கம். அன்னைக்கு வேற எங்கயும் போகல. ட்வின் டவர், பத்துமலை 272 படி, அந்த 140 அடி முருகர் (நம்ம கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைவிட ஏழு அடி கூடுதல்னு இவரு படியில நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாரு) எல்லாம் அடுத்த நாளுக்குத் தள்ளிட்டோம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு முழிச்சு, கட்டில்ல உக்காந்து முந்திரிக்கொத்து பாக்கெட்டைப் பிரிச்சோம். பாதி உடைஞ்சிருந்துது, அந்தத் தூளையும் விடாம தின்னோம்.

ட்ரெயினுக்கு அஞ்சுக்கு நாலரை. அரை குறைச்சது விலைக்கு மட்டும்தான். கார்டுல இன்டர்நேஷனலை ஊர்ல வச்சே ஆன் பண்ணிட்டுப் போங்க.