ஓட்டத்திலேயே நிற்கும் பழைய டீசல் லாரி: டேங்கில் இருந்து தேடுங்கள்

பழைய டீசல் லாரி ஓட்டத்தில் நின்றால், பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "பம்ப் போச்சுண்ணே, இறக்கிடலாம்." என்னிடம் இருப்பது கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத, ரோட்டரி பம்ப் (நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப், வெறுமனே பம்ப் என்று நான் சொல்வது இதைத்தான்) வைத்த வண்டி. ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது. பல வருடமாக இதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பல விதமாக நின்றும் இருக்கிறது. அத்தனை தடவையும் கோளாறு பம்புக்கு வெளியேதான் இருந்தது. பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்.

முதலில் கவனிக்க வேண்டியது வண்டி எப்படி நிற்கிறது என்பதை. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி ஒரே வெட்டில் நின்றால் ஒரு வழி. இழுவை குறைந்து, முக்கி முக்கி, ஆக்சிலேட்டரை மிதித்தாலும் ஏறாமல் நின்றால் வேறு வழி. முதல் வகையை கரண்டில் தேட வேண்டும், இரண்டாவதை டீசல் வரும் பாதையில். கறுப்புப் புகையோடு இழுவை மட்டும் குறைந்து, ஆனால் நிற்காமல் ஓடுகிறதா? அப்போது ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் பாருங்கள், டீசல் லைன் பக்கம் போகவே வேண்டாம்.

கேபினில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். நின்றபோது டேங்கில் எவ்வளவு டீசல், லோடு இருந்ததா, ஏற்றமா சமதளமா, இன்ஜின் சூடா, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனது, இவ்வளவுதான் எழுதுவேன். என்னை ரொம்ப அலைக்கழித்த கோளாறு இந்த நோட்டில்தான் பிடிபட்டது. டேங்க் நிரம்பியிருந்தால் எந்த ஏற்றத்திலும் பிரச்சினை இல்லை. பாதிக்குக் கீழே போனதும், அதுவும் ஏற்றத்தில் மட்டும், மூச்சு வாங்கி நின்றது. பம்ப் கெட்டிருந்தால் டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்த்தா கெடும்?

பம்பைத் தொடுவதற்கு முன்னால் கேன் சோதனை செய்தேன். சுத்தமான டீசல் ஊற்றிய ஒரு கேனை, இன்ஜினை விட உயரமான இடத்தில், சைலன்சர் சூடு படாதபடி ஆடாமல் கட்டி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு, அதாவது டேங்கிலிருந்து டீசலை இழுத்து பம்புக்குத் தரும் சின்ன பம்புக்கு, ஹோஸ் கொடுக்க வேண்டும். ரிட்டர்ன் லைனையும் அதே கேனுக்குள் விட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் பம்பிலிருந்து திரும்பும் டீசல் டேங்குக்குப் போய், கேன் சீக்கிரமே காலியாகிவிடும். கேனில் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது, டேங்குக்கு மாற்றினால் நிற்கிறது என்றால் பம்பும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் குற்றவாளிகள் இல்லை. கேன் உயரத்தில் இருப்பதால் டீசல் தானாக இறங்கும், அதனால் ஃபீட் பம்பை மட்டும் இதை வைத்து விடுவிக்க முடியாது. என் வண்டி கேனில் அருமையாக ஓடியது.

அடுத்து ஃபீட் பம்புக்கு வரும் லைனில் ஒரு சாண் நீளத்துக்கு ட்யூப் மாட்டினேன், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற டீசல் ட்யூப். இன்ஜின் ஓடும்போது அதில் குமிழி வரிசையாக ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. குமிழியே இல்லாமல் டீசல் இழுபட மறுத்தால் அடைப்பு. லைனில் டீசலை ஏற்றக் கையால் அடிக்கும் கைப் பம்பும் இதையே சொல்லும்: அழுத்திய பிறகு மேலே வர அடம் பிடித்தால் டேங்க் பக்கம் அடைப்பு, எவ்வளவு அடித்தாலும் கனமே தெரியாமல் தொளதொள என்று இருந்தால் காற்று, அல்லது ஃபீட் பம்ப் வால்வு. டேங்க் மூடியின் மூச்சுத் துளை அடைபட்டாலும் இதே அடைப்பு அறிகுறிதான் வரும். வண்டி நின்றவுடன் மூடியைத் தளர்த்தும்போது உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் வேலை அங்கேயே முடிந்தது.

எனக்கு வந்தது குமிழி. ஆனால் ஹோஸில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பார்த்தால் வெளித்தோற்றத்துக்குக் குறையே இல்லை. அடி முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாயை வைத்து ஊதியபோது வெல்டிங் ஓரத்திலிருந்து ஊசிக் குமிழிகள் கிளம்பின. மயிரிழை விரிசல். டேங்க் நிரம்பியிருக்கும்போது அது டீசலுக்குள் மூழ்கியிருக்கும். மட்டம் இறங்கி, ஏற்றத்தில் டீசல் பின்பக்கம் சாய்ந்ததும் விரிசல் வெளியே வந்து காற்றை இழுத்துவிடும். பித்தளையை உருக்கி விரிசலை அடைக்கும் பிரேசிங் வைத்ததோடு அந்தக் கதை முடிந்தது.

காலையில் ஸ்டார்ட் ஆகி, அரை நிமிடம் ஓடி நின்றுவிடுவது இன்னொரு வகை. இரவில் காற்று நுழைந்து லைனில் உள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது; பம்புக்குள் மிச்சம் இருந்ததில்தான் அந்த அரை நிமிடம். இதற்கு இணைப்புகளைத் துடைத்து, காற்று நுழையாதபடி ஒவ்வொன்றாக கிரீஸ் அப்பிக்கொண்டே போனேன். கைப் பம்பின் கழுத்தில் அப்பிய மறுநாள் ஒழுங்காக ஓடியது. உள்ளே இருந்த ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. டீசல் லைனை இணைக்கும், உள்ளே துளை உள்ள பாஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷரும் இப்படித்தான் இறுகிப்போகும். புதியது கையில் இல்லையென்றால் பழையதைச் சிவக்கச் சுட்டு ஆறவிட்டால் மறுபடி மிருதுவாகும், ஆனால் அது அவசரத்துக்குத்தான்.

ஒரே வெட்டில் நின்ற கோளாறைப் பிடிக்க ஒரு சின்ன பல்பு போதுமாக இருந்தது. பம்பில் இருக்கும் ஸ்டாப் சாலினாய்டு என்ற கரண்டில் இயங்கும் வால்வு, கரண்ட் இருக்கும்வரை டீசலைத் திறந்து வைக்கும், போனால் மூடிவிடும். அந்த வயரிலிருந்து ஒரு பல்பை இழுத்து கேபினில் கண் படும் இடத்தில் தொங்கவிட்டேன். குண்டும் குழியுமான ரோட்டில் பல்பு கண் சிமிட்டியது, கூடவே இன்ஜினும் நின்றது. சேஸிஸில் உரசி உரசித் தேய்ந்த வயர். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே நின்றிருந்தால் சாலினாய்டையோ டீசலையோ சந்தேகப்பட்டிருப்பேன்.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, மாற்றுங்கள். ஆனால் பழையதை வீசுவதற்கு முன் அதிலிருக்கும் டீசலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து, கறுப்பாக வழவழவென்று ஏதாவது இருந்தால் டேங்கையே கழுவ வேண்டும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளரும், புது ஃபில்டரும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். இரவு நிறுத்தும்போது டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே வியர்ப்பது குறையும்.

பம்ப் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. ரோட்டரி பம்ப் உள்ளே தேய்ந்தால், குளிர்ந்த நிலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகி, நன்றாகச் சூடேறியபின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கும். சூட்டில் இளகிய டீசல் தேய்ந்த இடைவெளியில் கசிந்துவிடுவதுதான் காரணம். அப்போது பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். குடத்தோடு தண்ணீரை ஊற்றாதீர்கள், திடீர்க் குளிரில் பம்ப் ஜாம் ஆகிவிடும். துணி போட்டதும் பிடித்துக்கொண்டால் தயங்காமல் பம்பை இறக்கலாம். என் வண்டிக்கு அந்த அறிகுறி இன்னும் வரவில்லை, பம்பும் கழற்றாமல் அப்படியேதான் இருக்கிறது.