எட்டு வயதில் வந்த லாப்ரடார்: மூன்று ஆண்டு அனுபவம்

டெய்சி எங்களிடம் வந்தபோது அதற்கு எட்டு வயது. குட்டி விற்கிற ஒருவர் வருடா வருடம் ஈன வைத்து, இனி பிரயோஜனமில்லை என்று கைவிட்ட நாய். லாப்ரடார்களை மட்டும் மீட்டுத் தத்துக் கொடுக்கும் சென்னைக் குழு ஒன்றின் மூலம் மன்னார்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு வந்தது. மூன்று சம்பா அறுவடை ஆகிவிட்டது. வயதான நாயை எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுக்கலாம் என்பேன். ஆனால் நம் டெல்டாவின் ஈரத்துக்குத் தயாராகிக்கொண்டு எடுங்கள்.

குழுவினர் லேசில் தரவில்லை. வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். பகலில் யார் இருப்பார்கள், கட்டிப் போடுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அப்படிக் கேட்பதுதான் சரி. கருத்தடை செய்துதான் அனுப்பினார்கள். செய்யாமல் விட்ட வயதான பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

வந்த புதிதில் திண்ணையை விட்டு உள்ளே வரவில்லை. வெறும் சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கை இரண்டிலும் முடி உதிர்ந்து, தோல் கறுத்துக் காய்த்திருந்தது. கொசு அடிக்கக் கையை ஓங்கினால்கூட தலையைத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். “இந்த வயசுல வீடு மாறி வந்திருக்கு, பாவம், அதுபாட்டுக்கு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அம்மா தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். சில வாரம் கழித்து அதுவே எழுந்து வந்து, கீரைத் தண்டை மோந்து பார்த்துவிட்டு, அம்மாவின் புடவைத் தலைப்பின்மேல் தலையை வைத்துப் படுத்தது. அப்புறம் அவர் இருக்கும் இடம்தான் அதற்கு வீடு.

செருப்பைக் கடிப்பது, ராத்திரி முழுக்கக் கத்துவது போன்ற குட்டி நாய்ப் பாடு எதுவும் இல்லை. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மட்டும் டெய்சிக்கு வயது குறைந்துவிடும். லாப்ரடாரைத் தண்ணீரிலிருந்து பிரிக்க முடியாது. குளித்து வந்ததும் காது மடலைத் தூக்கி உள்ளே துடைத்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் சீழ் வைக்கும். வயலில் எலி அதிகம். அதன் மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், அதற்கான தடுப்பூசியை வருடந்தோறும் தவறாமல் போடுகிறோம்.

எல்லாவற்றையும்விட உண்ணிதான் பெரும்பாடு. போன ஐப்பசி மழையில் தயிர்சாதத்தைக்கூட மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். உண்ணிக் காய்ச்சல், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இறங்கியிருந்தன. மருத்துவர் எழுதிய டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம் கொடுத்துத்தான் தேறியது. நாய் உண்ணி சுவர் வெடிப்பில் ஒளிந்து முட்டையிடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. கொல்லைப்புறச் சுவர் வெடிப்புகளையெல்லாம் பூசி அடைத்தோம். இப்போது தினமும் சாயங்காலம் விரல் இடுக்கு, காது, கழுத்துப் பட்டைக்கு அடியில் தடவிப் பார்ப்பது அம்மா வேலை.

இப்போது பதினொரு வயது. பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. டைல்ஸில் வழுக்கும் என்பதால் கூடத்திலிருந்து வாசல் வரை தேங்காய்நார் விரிப்பு போட்டிருக்கிறோம். எடை ஏறினால் மூட்டுக்குத்தான் பாரம், அதனால் சோறு அளவோடுதான். வெங்காயம் நாய்க்கு ஆகாது, அது போட்ட சாம்பார் கிடையவே கிடையாது. கால் வலிக்கிறதே என்று நாம் போடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபென் நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

எடுப்பதாக இருந்தால் குழுவிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்த ரத்தப் பரிசோதனைத் தாள், தடுப்பூசி அட்டை, இதுவரை என்ன சாப்பிட்டது என்ற விவரம். பழகிய சாப்பாட்டைச் சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு ஆகும். பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றினால் சரியாகிவிடும்.