ஃபிளாங்கிங்: அட்வான்டேஜா, +2ஆ?

ஆளுக்கொரு வீரராக நடித்து, பகடை உருட்டிச் சண்டை போடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விருப்ப விதிகளில் எங்கள் மேசையில் அதிகம் வாக்குவாதம் கிளப்பியது ஃபிளாங்கிங். எதிரிக்கு இந்தப் பக்கம் ஒருவர், நேரெதிர்ப் பக்கம் இன்னொருவர் என்று நம் ஆட்கள் வளைத்து நின்றால், நெருங்கி அடிக்கும் அடிகளுக்குச் சலுகை உண்டு. ஆட்டத்தை நடத்துபவருக்காக 2014இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் அது அட்வான்டேஜ்: இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் பதிப்பில் அதற்குப் பகடை எண்ணோடு வெறும் +2தான். சிங்கப்பூரின் செங்காங்கில் என் வீட்டில் புது ஆட்டம் தொடங்கியபோது இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் +2 பக்கம் சாய்ந்தேன்.

அட்வான்டேஜின் நல்ல பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூட்டல் இல்லை, புதிதாக வருபவருக்கும் உடனே பிடிபடும், இரண்டு பகடை உருளும்போது மேசையே களைகட்டும்.

ஆனால் அதன் கனத்தைப் பாருங்கள். கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட நாம் எட்ட வேண்டிய எண், 15. முதல் லெவல் ஃபைட்டர், அதாவது புதிய போர்வீரர், பகடை எண்ணோடு +5 வைத்து அடித்தால் படுவதற்கு 55 விழுக்காடு வாய்ப்பு. +2 சேர்த்தால் 65. அட்வான்டேஜ் என்றால் ஏறக்குறைய 80. பகடையில் 20 விழுந்து கிரிட்டிக்கல் என்ற பலத்த அடி கிடைக்கும் வாய்ப்பும் 5இலிருந்து 9.75க்கு ஏறுகிறது. கட்டத்தாளில் இரண்டு கட்டம் தள்ளி நின்றதற்கு இவ்வளவு பரிசா?

இதைக்கூட விட்டுவிடலாம். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: அட்வான்டேஜ் எத்தனை வழியில் வந்தாலும் ஒன்றுதான், ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. வளைத்து நின்றாலே அது கிடைத்துவிடும் என்றால், அதற்காகவே இருக்கும் மற்றத் திறன்களெல்லாம் வீணாகிவிடும். மூர்க்கமாகச் சண்டை போடும் பார்பேரியனின் ரெக்லெஸ் அட்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிக்கும் தன்னை அடிக்க அட்வான்டேஜ் கொடுத்து, அந்த ஆபத்தை விலையாக வைத்து வாங்கும் சலுகை அது. பழைய ஆட்டத்தில் எங்கள் பார்பேரியன் பகடையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, பின்னாடி நம்ம ஆளு நிக்கிறாரு. அப்புறம் நான் எதுக்கு ரெக்லெஸ் போடணும்?" என்னிடம் பதில் இல்லை. எதிரியை ஒளிரவைத்து அட்வான்டேஜ் தரும் ஃபேரி ஃபயர் மந்திரம், தன் முறையையே கொடுத்துத் தோழனுக்கு உதவும் ஹெல்ப், கூட்டமாக வேட்டையாடும் ஓநாயின் பேக் டாக்டிக்ஸ், எல்லாவற்றுக்கும் இதே கதி. +2 என்றால் இவற்றின் மேல் கூடுதலாக உட்காரும், எதையும் தின்னாது.

இன்னொன்றும் உண்டு. மூன்றாம் பதிப்பில் எதிரியைச் சுற்றி நடந்தாலே பெரும்பாலும் அடி வாங்க வேண்டும். ஐந்தாம் பதிப்பில் அவன் கைக்கு எட்டும் தூரத்தை விட்டு வெளியேறினால்தான் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், அதாவது அவனுக்கு இடையில் கிடைக்கும் ஓர் அடி. அதனால் வளைப்பதற்கு ஏறக்குறைய செலவே இல்லை. நாம் ஒருவனை வளைக்க, அவன் கூட்டாளி வந்து நம்மை வளைக்க, கடைசியில் கட்டத்தாள்மேல் நிற்கும் மினியேச்சர் பொம்மைகள் எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரே கோட்டில் நிற்கும். செலவில்லாத காரியத்துக்குச் சின்னப் பரிசே பொருத்தம்.

+2க்குக் குறை இல்லாமல் இல்லை. மறந்துபோகும். பகடையை உருட்டி, எண்ணைச் சொல்லி, அடி படவில்லை என்றான பிறகு "ஐயோ, ஃபிளாங்கிங்!" என்று குரல் வரும். வளைக்கப்பட்ட மினியேச்சர் பக்கத்தில் ஒரு சிவப்பு வில்லை வைக்க ஆரம்பித்த பிறகு இது பெரும்பாலும் நின்றது. உயர்ந்த லெவல்களைப் பற்றி மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். பத்தாம் லெவலுக்கு மேல் இந்த விதியோடு நான் நடத்திய சண்டைகள் குறைவு. +3 வாளோடு இந்த +2வும் சேர்ந்தால் எதிரியின் ஆர்மர் கிளாஸுக்கு மதிப்பே இல்லாமல் போகலாம். அங்கே +1 போதுமோ என்னவோ.

ஃபிளாங்கிங்கே வேண்டாம் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. காப்பிக்கடை மேசையில், கட்டத்தாள் விரிக்க இடமில்லாமல், வாயாலேயே சண்டை நடத்தும் இரவுகளில் நாங்களும் இந்த விதியைத் தொடுவதில்லை. யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்று பேசியே கடைசி எம்ஆர்டி ரயிலை விட்டுவிடுவோம்.