உடைத்து வரைந்த ஷாஃப்ட்டும் கையால் அடித்த அளவும்

முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் தனியாக டிராயிங் போட ஆரம்பித்திருக்கிறார். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற 2டி கேட் (கம்ப்யூட்டரில் டிராயிங் போடும்) சாஃப்ட்வேரையே நானும் வாங்கட்டுமா?" என்று போன வாரம் கேட்டார். ஒன்பது வருடமாக என் பிழைப்பே அதில்தான். லேயர், பிளாக், பிரிண்ட் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய கம்ப்யூட்டரிலும் தொங்காமல் ஓடும். ஆனால் நடுவில் உடைத்துக் காட்டும் பாகத்துக்கு அளவு போடும் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டர்பைன் பம்பின் லைன் ஷாஃப்ட்டை, அதாவது மோட்டாரின் சுழற்சியைக் கீழே பம்புக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 40 மி.மீ., நீளம் 10 அடி, அதாவது 3048 மி.மீ. ஏ3 தாளின் அகலமோ 420 மி.மீ. தான். 1:10 ஸ்கேலில், அதாவது பத்தில் ஒரு பங்காகப் போட்டால் ஷாஃப்ட் 4 மி.மீ. தடிப்பில் குச்சி மாதிரி கிடக்கும், முனையில் உள்ள மரை கண்ணுக்கே தெரியாது. அதனால் 1:2-இல் இரண்டு முனைகளை மட்டும் வரைந்து, நடுவை வெட்டி, வெட்டியதைக் காட்டும் பிரேக் லைன் போட்டு நெருக்கி வைக்கிறோம். இப்போது அளவு போட்டால் 600 என்று வருகிறது. அதன் மேல் தப்பில்லை, வரைந்திருப்பது 600 தான். அதை அழித்துவிட்டு 3048 என்று கையால் அடிக்கிறோம். வினை அங்கேதான்.

மூன்று வருடத்துக்கு முன் 8 அடி ஷாஃப்ட் டிராயிங்கைக் காப்பி எடுத்து 10 அடிக்கு மாற்றினேன். விட்டத்தையும் மரை நீளத்தையும் திருத்தியதும் அவற்றின் அளவுகள் தானாக மாறின. கையால் அடித்திருந்த மொத்த நீளம் மட்டும் பழைய 8 அடிக்கான 2438 என்றே நின்றது. நான் கவனிக்கவில்லை. நான்கு எஸ்எஸ் 410 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடுகள் 2438-இல் அறுபட்டன. நீளம் கூடியிருந்தால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்த ராடை என்ன செய்ய? லேத்காரர் டிராயிங்கை விரித்து, எண்ணெய் படிந்த விரலை அந்த எண் மேல் வைத்தார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அளவுகோலுக்குப் பொருந்தாத அளவின் கீழே தடித்த கோடு போட வேண்டும் என்பது டிராயிங்கில் அளவு போடுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 129-இன் விதி. பிரேக் லைன் போட்ட பாகத்துக்கு அதில் விலக்கு உண்டு. பலகையில் வரைந்த காலத்தில் எல்லா எண்ணையும் கையால்தான் எழுதினோம், அப்போது அது சரி. இப்போது மென்பொருள் அளந்து தந்த எண்ணும் நாம் அடித்த எண்ணும் தாளில் ஒரே மாதிரி நிற்கின்றன. நடு உடைந்திருப்பதைக் காட்ட அளவுக்கோட்டில் நெளிவு போடும் வசதி இருக்கிறது. ஆனால் அந்த நெளிவு எண் சரியா என்று பார்க்காது.

அப்புறம்தான் ஒரு வழி பிடிபட்டது. மாடலில், அதாவது உண்மை அளவில் வரையும் இடத்தில், ஷாஃப்ட்டை முழு 3048-க்கும் வரைந்து அங்கேயே அளவும் போட்டுவிடுகிறேன். பிரிண்டுக்கான தாளாகிய லேஅவுட்டில், மாடலைக் காட்டும் ஜன்னல் போன்ற வியூபோர்ட் இரண்டை ஒரே ஸ்கேலில் வைத்து, ஆளுக்கு ஒரு முனையைக் காட்டி, நடுவே பிரேக் லைன். அளவின் எண்ணை மட்டும் இடது முனைக்கு இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது மறைந்த பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீளம் மாறினால் வலது வியூபோர்ட்டையும் நகர்த்த வேண்டும். முதல் தடவை ஷாஃப்ட்டை இழுத்தபோது 3048 தானாக 3200 ஆனது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனாலும் இது சுற்றி வளைத்த வேலை. 3டி மென்பொருளில் பிரேக் வியூ போட்டால் படம்தான் சுருங்குகிறது, அளவு உண்மை நீளத்தையே காட்டுகிறது. தினமும் ஷாஃப்டும் பைப்பும் வரைகிறவருக்கு அதுதான் முதலில் வேண்டும். "வாங்காதே தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

நான் மட்டும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். என் கை அதற்குப் பழகிவிட்டது, ஒன்பது வருட ஃபைலும் அதில்தான் இருக்கிறது. இப்போது தினமும் ராத்திரி பழைய ஃபைல்களைத் திறந்து, கையால் அடித்த அளவுகளைத் தேடிப் பிடித்துச் சிவப்பு நிறத்துக்கு மாற்றி வருகிறேன். இன்னும் நாற்பது ஃபைல் பாக்கி.