கோத்தகிரியில் 'இங்கிலீஷ் மாளிகை' என்று முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டால் அனுப்பிவிடாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடும்பத்தோடு தங்க இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஆங்கிலேய கன்ட்ரி ஹவுஸ் பாணி எஸ்டேட், இங்கிலீஷ் தோட்டம், நான்கு அறை, உங்களுக்கு மட்டும்" என்ற விளம்பரத்தை நம்பி 72,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். வழக்கு நடப்பதால் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அதே வலை இன்னும் விரித்தபடிதான் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். திருச்சியில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருஷம் தாவரவியல் நடத்தியவர். பழைய புத்தகக் கடையில் இங்கிலாந்துத் தோட்டங்கள் பற்றிய படப் புத்தகம் எது கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுவார். சுவர் ஓரமாகப் பதினைந்து அடி அகலத்துக்குப் பாத்தி போட்டு, உயரமான செடி பின்னால், குட்டையானது முன்னால் என்று அடுக்கி, ஒன்று பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கும்படி நடுவார்களே, அந்த மாதிரி ஒரு பாத்தியை வாழ்நாளில் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா போனபிறகு அம்மா எங்கேயும் வெளியூர் வந்ததில்லை. இங்கிலாந்துக்குக் கூட்டிப்போக எனக்கு வசதி இல்லை, நீலகிரிக்காவது கூட்டிப்போவோம் என்று நானும் தங்கையும் பேசி முடிவு செய்தோம்.

விளம்பரத்தில் ஒன்பது படங்கள். முதல் படம் இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. கறுத்துப்போன ஓக் மரச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே வெள்ளைப் பூச்சு, உயரமான செங்கல் புகைபோக்கிகள், கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் வாசல் முகப்பு. அதற்குப் போகும் கல் பாவிய பாதைக்கு இரண்டு பக்கமும் வெட்டாத புல், நடுநடுவே காட்டுப்பூ. இன்னொன்றில் வெள்ளைப் பூக்கள் மட்டுமே உள்ள தோட்டம், நடுவில் இரும்புப் பந்தல் முழுக்க வெள்ளை ரோஜா. நீலகிரியில் இப்படி இருக்குமா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் துரை 1822-ல் ஊட்டியில் கட்டத் தொடங்கிய கல் பங்களாவிலிருந்து இந்த மலை முழுக்க ஆங்கிலேயர் வீடுகள்தானே.

அம்மா நேரில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று படங்களை அவரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்போம்.

"சீசன் சார், பாதி அட்வான்ஸெல்லாம் எடுக்கறதில்ல, முழுசா போட்டாத்தான் பிளாக் பண்ண முடியும்" என்றார் போனில் பேசியவர். நிறுவனப் பெயருக்கும் ஜிபேயில் வந்த பெயருக்கும் சம்பந்தமே இல்லை. கணக்காளர் பெயர் என்றார், நம்பினேன். ஜிஎஸ்டி பில் கேட்டேன், செக்-அவுட்டில் தருகிறோம் என்றார்கள். ஈ-பாஸ் எடுத்தோம், மே மாதக் கூட்டத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி.

அங்கே இருந்தது மூன்று மாடி கான்கிரீட் கட்டடம். முன்பக்கம் மட்டும் கல் மாதிரி டைல் ஒட்டியிருந்தார்கள். மரச் சட்டம் என்று நினைத்தவை பழுப்பு பெயின்ட் கோடுகள். மொட்டைமாடியில் ஒரு செங்கல் புகைபோக்கி தெரிந்தது. பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தால், செங்கல் மாதிரி வரைந்த ஃபைபர் தகடு. அதன் ஒரு மூலை உடைந்து உள்ளே கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி தெரிந்தது, அதிலிருந்து வந்த பிவிசி குழாய் சுவரில் சொட்டிக்கொண்டே இருந்தது. நான்கு அறையில் இரண்டில் வேறொரு குடும்பம், அவர்களுக்கும் "உங்களுக்கு மட்டும்" என்றே சொல்லியிருக்கிறார்கள். ஹாலில் குளிர்காயும் அடுப்பு மாதிரி இருந்த கணப்பில் சிவப்பு எல்இடி பல்பு எரிந்தது. வெந்நீர் வரவில்லை, கம்பளியில் பூஞ்சை வாடை, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

தோட்டத்தைச் சொல்ல வேண்டும். அம்மா காரை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டார். புல்தரையில் செருப்புக் காலோடு நடக்கமாட்டார், எப்போதுமே அப்படித்தான். இரண்டு எட்டு வைத்தவர் நின்று, குனிந்து, விரலால் கிள்ளிப் பார்த்தார். "பிளாஸ்டிக்குடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சிமென்ட் தரையில் விரித்த செயற்கைப் புல், அதன்மேல் நேற்றைய மழைத்தண்ணீர் தேங்கி நாற்றம். கேட்டில் கட்டியிருந்த பூங்கொடியும் துணிப்பூதான். சுற்றிலும் மலைச்சரிவில் ஹைட்ரேஞ்சியா தானாகவே நீலநீலமாகப் பூத்துக் கிடக்கிற ஊரில், ஒரு உயிருள்ள செடியை வைக்க மனது வரவில்லை அவர்களுக்கு.

அப்புறம்தான் படங்களை அம்மாவிடம் காட்டினேன். முதல் படத்தைப் பார்த்த உடனேயே "இது கிரேட் டிக்ஸ்டர்டா" என்றார். இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பக்கம் நார்தியம் என்ற ஊரில் இருக்கிற வீடு. பதினைந்தாம் நூற்றாண்டுக் கூடம் ஒன்று. அதோடு கென்ட்டிலிருந்து இன்னொரு பழைய வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து சேர்த்து, 1910 முதல் 1912 வரை புதுப்பகுதிகளும் கட்டிக் கொடுத்தவர் லட்யன்ஸ். டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்தாரே, அவரேதான். வெள்ளைத் தோட்டம் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் கோட்டையுடையது, கென்ட்டில். இரண்டுமே அம்மாவின் புத்தகத்தில் இருக்கின்றன. மீதிப் படங்களில் ஒன்றில் மரங்கள் இலை முழுக்கக் கொட்டி மொட்டையாக நின்றன. "நம்ம மலையில எந்த மரம்டா இப்படி மொத்தமா நிக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

போனில் கேட்டபோது அந்த ஆள் அசரவே இல்லை. "இன்ஸ்பயர்டுன்னுதானே சார் போட்டிருக்கோம். படமெல்லாம் ரெஃபரன்ஸுக்கு." உண்மைதான், விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்த வார்த்தை இருந்தது. இது எனக்குப் பணத்தைவிடப் பெரிய கோபத்தைத் தந்தது. ஒரு பாணியைப் பார்த்து ஆசைப்பட்டுத் தன் ஊரில் வீடு கட்டுவது கௌரவமான காரியம். இலங்கையில் அப்புத்தளைக்குப் பக்கத்தில் அடிஷாம் பங்களா என்று ஒன்று இருக்கிறது, தாமஸ் வில்லியர்ஸ் 1930-களில் கென்ட்டின் லீட்ஸ் கோட்டையைப் பார்த்துக் கட்டியது. யாரும் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கல்லும் மரமும் உழைப்பும் உண்மையாக இருக்கின்றன, அதைத்தான் காட்டுகிறார்கள். இன்னொருவர் வீட்டின் படத்தைக் காட்டிப் பணம் வாங்குவது வேறு. அதற்குப் பெயர் மோசடி.

அங்கே வேலை பார்த்த பையனைக் குறை சொல்லமாட்டேன். அவனுக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கியாம். "வாரா வாரம் யாராச்சும் இப்படி அழுதுட்டுப் போறாங்க சார்" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தான். இருட்டுவதற்குள் குன்னூர் வந்து ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினோம். மறுநாள் அம்மாவை சிம்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். 1874-ல் தொடங்கிய தோட்டம், அங்கே எல்லாமே உயிருள்ள செடி. இரண்டு மணி நேரம் ஒவ்வொரு பெயர்ப் பலகையாகப் படித்துக்கொண்டு நடந்தார்.

பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் கஷ்டமில்லை. படங்களை கூகுள் லென்ஸில் போடுங்கள். நான் பிறகு போட்டுப் பார்த்தபோது பத்து விநாடியில் கிரேட் டிக்ஸ்டர் வந்துவிட்டது. வீடியோ கால் போட்டு, கேட்டிலிருந்து தோட்டம் வழியாக உள்ளே நடந்து காட்டச் சொல்லுங்கள். நெட்வொர்க் இல்லை என்று தட்டிக் கழித்தால் விட்டுவிடுங்கள். பழைய வீடு என்கிறார்களா, புகைபோக்கிக்கு நேர் கீழே உள்ள கணப்பைக் காட்டச் சொல்லுங்கள், குளிருக்காகக் கட்டிய வீட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். தனிநபர் பெயரில் பணம் கேட்டால் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி அரசு தளத்தில் பெயர் சரிபாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நான் மூன்று நாள் கழித்துத்தான் செய்தேன், அதற்குள் அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க நீலகிரிக்குப் போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். விளம்பரத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் புகார் சொன்ன மறுநாளே அவர்கள் ஒன்பது படத்தையும் எடுத்துவிட்டார்கள். தங்கை எடுத்து வைத்திருந்ததால்தான் மனுவோடு சேர்க்க முடிந்தது. ரிவ்யூவை நீக்கினால் 10,000 ரூபாய் தருகிறேன் என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி தேடிப் பார்த்தேன். வேறொரு பெயர், வேறொரு போன் நம்பர், இந்தத் தடவை ஆறு படங்கள். முதல் படம் அதே சாய்ந்த வாசல் முகப்பு.